சாப்பாட்டுக்கு அப்புறம்

எங்கள் தெருவில் கூழைக் குடிப்பார்கள், களியைத் தின்பார்கள், சோற்றையும் தின்பார்கள். சாப்பாடு என்பது வேறு. அது கல்யாண வீட்டில் இலை போட்டுப் பரிமாறுவது, இல்லாவிட்டால் பெரம்பலூர் டவுனில் ஓட்டல் பலகையில் எழுதியிருப்பது. வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால், ராத்திரி ஆக்கின சுடுசோறு வயிற்றுக்குள் போயிருந்தால்தான் ஆமாம் என்போம். இந்த ஒரு வார்த்தையால் என் பக்கத்து வீட்டுச் செங்கமலம் தன் பிள்ளையையே இழக்கப் பார்த்தாள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். கூட இருந்து பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

செங்கமலம் அரியலூர்ப் பக்கத்துப் பெண். அவள் அப்பன் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் வேலை பார்த்தவர். எறையூரில் சர்க்கரை ஆலை வந்து, எங்கள் ஊர் ஆட்களுக்குக் கரும்பு வெட்டுகிற வேலை நிலைத்த பிறகு, கையில் வேலை உள்ள மாப்பிள்ளை என்று செல்லதுரைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். செல்லதுரை கரும்பு வெட்டுவான், டிராக்டர் பெட்டியில் ஏற்றுவான், ஏற்றின பாரத்தின் மேலேயே உட்கார்ந்து ஆலை வரைக்கும் போவான். அவன் அம்மா காத்தாயி. நான் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, ஒரே மண்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அந்த வருஷம் ஆலையில் கரும்பு அரவை தொடங்கின புதிதில் எங்கள் தெரு மதுரைவீரன் செத்துப்போனான். அவனும் பாரத்தின் மேல் உட்கார்ந்து போகிறவன்தான். சாலை வளைவில் பெட்டி சாய்ந்து, அத்தனை கரும்பும் அவன் மேல் விழுந்துவிட்டது. கட்டுகளைத் தூக்கிப் போட்டு அவனை வெளியே எடுக்கும்போது நாங்கள் பெண்பிள்ளைகள் எல்லாரும் சாலையோரம் நின்றிருந்தோம். செங்கமலம் முன்னால் நின்றாள். எடுத்தது யார் என்று முகம் தெரிகிற வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை. அது செல்லதுரை இல்லை என்று தெரிந்த பிறகும் அவளுக்கு மூச்சு சரியாக வரவில்லை.

அன்றைக்குப் பிடித்தது படபடப்பு. காலையில் நன்றாகத்தான் இருப்பாள். வெயில் ஏறி உச்சிப்பொழுது நெருங்கும்போது கை நடுங்க ஆரம்பிக்கும், நெற்றியில் வேர்த்துக் கொட்டும். 'நெஞ்சு அடிச்சுக்குது அக்கா, என்னமோ ஆயிடப் போவுது' என்பாள். என்ன ஆகப் போகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாங்கள் கரும்புக்கட்டுப் போடுகிற இடத்துக்கு மேஸ்திரி கேனில் கொண்டுவருகிற டீயை வாங்கி ரெண்டு தம்ளர் குடிப்பாள். கொஞ்ச நேரம் தெம்பாக இருக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாக நடுங்கும். சாலையில் டிராக்டர் ஆரன் அடித்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அப்படி ஒரு நாள் ஓடினபோதுதான் அந்தத் தீ வந்தது. கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். செங்கமலத்தின் பிள்ளை பூமாலை, பால்குடி மறக்காத பெண்குழந்தை, வேலியோரத்து மரத்தில் கட்டின தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியவள் செங்கமலம். ஆரன் சத்தம் கேட்டது, ஓடிவிட்டாள். காற்று திரும்பிச் சோகைத் தீ வேலிப்பக்கம் ஏறியது. காத்தாயிதான் அடுத்த கொல்லையிலிருந்து பார்த்துவிட்டு ஓடிப் போய்த் தூளியோடு பிள்ளையைப் பிடுங்கினாள். அவள் சேலைத் தலைப்பு கருகிப்போயிற்று, முழங்கையில் கொப்புளம் போட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றோடு காத்தாயி பேத்தியைத் தன் இடுப்பை விட்டு இறக்கவில்லை. பால் கொடுக்கக்கூட மருமகளிடம் விடவில்லை. அண்டை வீட்டில் ஆட்டுப்பால் கேட்டு வாங்கிக் காய்ச்சிப் புகட்டினாள். செங்கமலத்துக்கு மார்பில் பால் கட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் முனகிக்கொண்டு கிடந்தாள். நான் போய்க் கேட்டேன், என்ன பெரியம்மா இது, பெற்றவளிடம் கொடுக்காமல் என்று. அவள் கருகின தலைப்பை எடுத்து என் முன்னால் விரித்துக் காட்டினாள். அவளைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இல்லாவிட்டால் பூமாலை இல்லை.

ஆனால் அடுத்து அவள் எடுத்த முடிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மதுரைவீரனின் ஆவிதான் மருமகள் மேல் இறங்கியிருக்கிறது, அரியலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பூசாரி இருக்கிறார், அரவை முடிந்ததும் இவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது, அவர்கள் பூசாரியிடம் காட்டட்டும், பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். குணமானால் திரும்பி வரலாமாம். ஆகாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. செல்லதுரை நல்லவன்தான், ஆனால் அம்மா பேச ஆரம்பித்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிற நல்லவன். தன் மேல் செங்கமலத்துக்கே நம்பிக்கை போய்விட்டது. 'நான் புள்ளைய எரிக்கப் பாத்தவதானே அக்கா' என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். பெரம்பலூருக்குப் போனால் பஸ் போர்டைப் படித்து ஏறத் தெரியும் என்பதால் தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே கடைவீதிக்குப் பின்னால் சம்பூர்ணம் என்று ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். நல்ல கைராசி, ஆனால் சிரிக்க மாட்டார்கள். பூசாரியிடம் போகும் முன் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன் என்று செல்லதுரையிடம் சண்டை பிடித்துச் செங்கமலத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்குக் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. டாக்டரம்மா நாடி பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். செங்கமலம், சாப்பிடுகிறேன் என்று தலையை ஆட்டினாள். தூக்கம் வருகிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். நரம்புக்கு என்று சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டும், வெறும் வயிற்றில் போடக் கூடாது என்றார்கள். மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவரும் அதையே இன்னொரு தரம் சொன்னார். எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு செங்கமலம் இன்னும் மோசமானாள். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினாலும் கண் சொருகிக்கொண்டு நின்றாள். உச்சிப்பொழுதுக்கு வழக்கம்போல நடுக்கம் வந்தது. கரும்புக்கட்டு போடத் தெரியாமல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். ஆலைக்குப் போகிற கரும்பில் இவளுடைய பங்கு குறைகிறது என்று மேஸ்திரி முணுமுணுத்தார். காத்தாயிக்கு இது போதுமானதாக இருந்தது. பேய்க்கு மருந்து கொடுத்தால் பேய் தூங்குமா, மருந்து குடிக்கிறவள்தான் தூங்குவாள் என்று தெருவெல்லாம் சொன்னாள்.

நான் விடவில்லை. அதே டாக்டரம்மாவிடம் இன்னொரு தரம் போக வேண்டும், இந்தத் தடவை நீங்களும் வந்து நேரில் கேளுங்கள் என்றேன். மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரம்மா வாயாலேயே கேட்டுவிட்டால் விஷயம் தீர்ந்தது என்று நினைத்தாளோ என்னவோ, காத்தாயி உடனே புறப்பட்டாள். பூமாலையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். செங்கமலமும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். குழந்தை வழியெல்லாம் திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தது.

அன்று கூட்டம் இல்லை. டாக்டரம்மா செங்கமலத்தை நிற்கவைத்து ஏற இறங்கப் பார்த்தார்கள். மாத்திரை போட்டாயா என்று கேட்டதற்குத் தவறாமல் போட்டேன் என்றாள். எப்படிப் போட்டாய் என்று கேட்டார்கள்.

"மூணையும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். மூன்று வேளை என்றுதானே சொன்னேன், மூன்றையும் ஒரே வேளையாக ஏன் போட்டாய் என்று கேட்டார்கள். செங்கமலத்துக்குக் கேள்வியே புரியவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னீர்கள், வீட்டில் சாப்பாடு ராத்திரிக்கு மட்டும்தானே என்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்படி அவள் போடுகிறாள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்கள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, நேற்றுக் கண் விழித்ததிலிருந்து வாயில் என்னென்ன போட்டாய், ஒன்று விடாமல் சொல் என்றார்கள். செங்கமலம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். காலையில் பழையது செல்லதுரைக்கு, இவளுக்கு அதை வடித்த நீராகாரம். பொழுது கிளம்பினதும் மேஸ்திரி டீ. அப்புறம் ஒரு டீ. உச்சிக்கு அத்தை கூழ் கொண்டுவரும், வெட்டுகிற ஆம்பிளைகள் குடித்துவிட்டு மிச்சம் இருந்தால் அத்தையும் இவளும். நேற்று மிச்சம் இல்லை, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மறுபடி டீ. ராத்திரி சோறு, எல்லாரும் தின்ற பிறகு சட்டியில் இருக்கிறது.

"கூழ் குடிச்சா அதுவும் சாப்பாடுதானேம்மா" என்றார்கள் டாக்டரம்மா.

இதற்குக் காத்தாயி பதில் சொன்னாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, தெரியாத ஆளுக்கு விளக்குகிற மாதிரிப் பொறுமையாகத்தான் சொன்னாள். "கூழு எப்படிங்க சாப்பாடாவும்? கூழு கூழுதாங்க."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார்கள். இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை யாருடையது என்று கேட்டார்கள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், தீயையும் பூசாரியையும் விடாமல் சொன்னேன். செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு டாக்டரம்மா பேசினது எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"வயிறு காலியாக் கெடந்தா ஒடம்பு பயந்துக்கும்மா. கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு அடிச்சுக்கும். ஒடம்பு பயந்துட்டா மனசு சும்மா இருக்காது, ஏன் பயப்படறோம்னு ஒரு காரணத்தத் தேடும். இவளுக்குத் தேடவே வேண்டாம், செத்துப்போனவன் கண்ணு முன்னாடியே நிக்கறான். அதுக்கு மேல வெறும் வயித்துல டீய வேற ஊத்தறீங்க." கொஞ்சம் நிறுத்தி, செங்கமலத்தைப் பார்த்து, "பயம் முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். புருஷன் பாரத்து மேல ஏறிப் போற வரைக்கும் உனக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அதத் தாங்கறதுக்கு ஒடம்புல ஏதாச்சும் இருக்கணும்ல" என்றார்கள்.

வெள்ளை மாத்திரையை எப்படிக் குறைத்து விடுவது என்று என்னிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மஞ்சளாக ஒரு சத்து மாத்திரை எழுதினார்கள். பொழுது விடிந்து ஆலைச் சங்கு ஊதினதும் மோர் ஊற்றிக் கரைத்த கூழ், பிறகு ஒரு மாத்திரை. உச்சிக்குக் களியோ கூழோ, முருங்கைக்கீரையோ தட்டைப்பயறோ கூட இருக்க வேண்டும், பிறகு ஒரு மாத்திரை. ராத்திரிச் சோற்றுக்கு அப்புறம் ஒன்று. கரும்புக் கொல்லைக்குப் போகும்போது மடியில் ஒரு கை வறுத்த கடலை. கோழி இடுகிற முட்டையைக் கடைக்குக் கொடுப்பதில் ஒன்றிரண்டை வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும். டீ குடிக்காமல் இருக்க முடியாவிட்டால் கூழுக்குப் பின்னால் குடிக்கலாம். இதையெல்லாம் செங்கமலத்திடம் சொல்லவில்லை, காத்தாயியிடம்தான் சொன்னார்கள். வெறும் வயிற்றில் இந்த மாத்திரை போனால் குடலைப் புரட்டிவிடும், அப்புறம் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று விரலை நீட்டிச் சொன்னார்கள். அது நிஜமா, மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. காத்தாயி முகம் வெளுத்துப்போயிற்று.

மறுநாள் விடியற்காலை சங்கு ஊதினது. சுவருக்கு அந்தப் பக்கம் காத்தாயியின் குரல் கேட்டது, குடித்து முடித்தாயா, அடியில் இருப்பதையும் குடி, குண்டானைக் காட்டு என்று. செங்கமலம் மறுத்திருக்க வேண்டும், அவர் இன்னும் குடிக்கவில்லையே என்று சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை போட்டு நீ செத்துப்போனால் மாமியாக்காரி கொன்றுவிட்டாள் என்று உன் அப்பன் ஊரைக் கூட்டுவான், வாயை மூடிக்கொண்டு குடி என்றாள் காத்தாயி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி அதட்டி ஒருத்திக்குக் கூழ் ஊற்றுவதை எங்கள் தெரு அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதே கூத்துதான். ஆம்பிளைகள் குடிக்கும் முன்னால் மருமகளுக்கு ஊற்றினாள் காத்தாயி. யாராவது ஏற இறங்கப் பார்த்தால், "மாத்திரைக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு அப்படி ஒரு பலம் இருந்தது. மருமகள் முதலில் குடிக்கிறாள் என்று பேச வந்தவர்கள் மாத்திரை என்றதும் போய்விடுவார்கள். செல்லதுரைகூட ஒரு நாள், அவளுக்கு ஊத்தும்மா மொதல்ல, மாத்திரை போடணும்ல என்றான். கல்யாணமாகி அவன் பெண்டாட்டிக்காகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

செங்கமலம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. கை நடுங்குவதுதான் முதலில் நின்றது. பிறகு தூக்கம் வந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. உச்சிப்பொழுது வருகிறது என்றாலே மிரண்டு போகிற கண், மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. ஒரு நாள் நாங்கள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சாலையில் டிராக்டர் ஆரன் நீளமாக அடித்தது. அவள் எழுந்து நின்றாள். உடம்பெல்லாம் விறைத்தது எனக்குத் தெரிந்தது. ஓடப் போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் ஓடவில்லை. மெல்லக் கீழே உட்கார்ந்து, மடியிலிருந்து கடலையை எடுத்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வாய் மென்றுகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கயிற்றை முறுக்கினாள். தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற காத்தாயியும் இதைப் பார்த்தாள்.

அன்றைக்கே பிள்ளையைக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. நான் சண்டைக்குப் போனேன். இன்னும் என்னதான் பார்க்க வேண்டும் உங்களுக்கு என்று கேட்டேன். அரவை முடியட்டும் என்றாள். நெருப்புக்குள் கை விட்டது நீயா நானா என்றாள். பூசாரிப் பேச்சு மட்டும் குறைந்திருந்தது, விட்டுப்போகவில்லை. அரவை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. செங்கமலம் மாமியார் இடுப்பில் இருக்கும் பிள்ளையின் காலை மட்டும் போகிறபோதும் வருகிறபோதும் தொட்டுவிட்டுப் போவாள்.

இதில் எங்கள் யாருக்கும் உறைக்காத ஒன்று இருந்தது. அந்த வீட்டில் கம்பு அதே கம்பு, சோளம் அதே சோளம். குடிக்காதவள் ஒருத்தி புதிதாக மூன்று வேளையும் குடிக்கிறாள் என்றால் அது எங்கிருந்து வருகிறது? ஆம்பிளை குடிக்கிறது குறையவில்லை, பிள்ளைக்குக் குறையவில்லை. இதைக் கணக்குப் போட எனக்கு எட்டாங்கிளாஸ் படிப்பு போதவில்லை.

அரவை முடிகிற சமயம். வெயில் ஏறிவிட்டது. காத்தாயி தலையில் கூழ்ப்பானையும் இடுப்பில் பூமாலையுமாக வரப்பு மேல் வந்துகொண்டிருந்தாள். வழக்கமாக விறுவிறு என்று நடக்கிறவள். அன்று நடை வேறு மாதிரி இருந்தது. நடுவரப்பில் நின்றாள். பானையைப் பிடித்திருந்த கை ஆடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நான் எழுந்திருப்பதற்குள் செங்கமலம் ஓடிவிட்டாள். எப்போதும் சாலையைப் பார்த்து ஓடுகிறவள், அன்று மாமியாரைப் பார்த்து ஓடினாள்.

"புடி புள்ளைய" என்றாள் காத்தாயி. "எனக்குக் கை நிக்கல."

செங்கமலம் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அத்தனை நாள் கழித்து. பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு அழக்கூட அவளுக்கு அப்போது நேரம் இல்லை. நான் பின்னாலேயே போய்ப் பானையைப் பிடித்து இறக்கினேன். காத்தாயி வரப்பிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். நெற்றி வேர்த்து ஊற்றியது. உதடு வெளுத்திருந்தது. பானையில் கூழ் கழுத்துவரைக்கும் இருந்தது. காலையில் என்ன குடித்தீர்கள் என்று நான் கேட்டேன். நீராகாரம் என்றாள். நேற்று ராத்திரி? சட்டியில் ஒட்டினது இருந்தது என்றாள். முந்தின நாள் உச்சிக்கு என்று கேட்டதற்குத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செங்கமலம் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நடுக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "எத்தன நாளா அத்த இப்படி?"

"எனக்கு இது புதுசா என்ன" என்றாள் காத்தாயி. "வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து உச்சிப் பொழுதானா நெஞ்சு அடிச்சுக்கும். என்னமோ ஆயிடப் போவுதுன்னு இருக்கும். பொம்பளன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளே கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கல்யாணமாகி வந்த வருஷம், வயிற்றில் செல்லதுரை இருந்த சமயம், பசி தாங்காமல் மாமனார் வரும் முன்னால் ஒரு உருண்டைக் களியை அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டாளாம். மாமனார் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. முந்தித்தின்னி என்று மட்டும் சொன்னார். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட்டது, சாவு வீட்டில்கூட முந்தித்தின்னி வந்துவிட்டாளா என்று கேட்டார்கள். அந்தப் பெயர் மறந்துபோக வேண்டும் என்பதற்காக அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும், ஒரு வேளையும், யாருக்கும் முன்னால் வாயில் எதையும் வைத்ததில்லை.

செங்கமலம் பிள்ளையைத் தொடையில் உட்காரவைத்துக்கொண்டு, பானையிலிருந்து கூழை அள்ளிக் குண்டானில் ஊற்றினாள். மோரை விட்டுக் கையாலேயே கரைத்தாள். ஆம்பிளைகள் இன்னும் வெட்டி முடிக்கவில்லை, அரிவாள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காத்தாயி குண்டானைப் பார்த்தாள், வாங்கவில்லை. செல்லதுரை குடிக்கட்டும் முதலில் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மருமகளிடம் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு மாத்திரை எழுதி வாங்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம்னு. மாத்திரைன்னு ஒண்ணு இருந்தா நான் முன்னாடி குடிச்சாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யார் சொல்லப்போகிறார்கள்? மாமனார் செத்து எவ்வளவோ காலம் ஆயிற்று. மாமியாரும் போய்விட்டாள், புருஷனும் போய்விட்டான். அந்த வீட்டில் அவளை ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் யாரும் இல்லை. அந்த வீட்டுக்கே பெரியவள் அவள்தான்.

"நாளைக்கே போயி வாங்கிட்டு வரேன் அத்த" என்றாள் செங்கமலம். "இப்பக் குடிங்க."

குண்டானை அவள் கையில் வைத்து, கை நடுங்கிச் சிந்தாமல் அடியில் தன் கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். காத்தாயி அதை வாய்வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு நிறுத்தி, யாராவது பார்க்கிறார்களா என்று வரப்பின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குடித்தாள்.